சிற்றலை ரேடியோ வாங்கும் முன் மொட்டை மாடிக்கு வாருங்கள்

கடைக்குப் போவதற்கு முன்னால், ஃபோனில் விலை தேடுவதற்கும் முன்னால், ஒரு வேலை இருக்கிறது. பரணில் கிடக்கும் பழைய டிரான்சிஸ்டர் ஒன்றைத் தேடி எடுங்கள். உங்கள் வீட்டில் இல்லையென்றால் அக்கம்பக்கத்தில் கேளுங்கள், ஏதாவது ஒரு வீட்டில் தாத்தா பத்திரமாக வைத்திருப்பார். புதுக் கட்டை (பேட்டரி) போட்டு, மத்திய அலைக்கு (மீடியம் வேவ்) திருப்பி, எந்த நிலையமும் கேட்காத ஓரிடத்தில் முள்ளை நிறுத்துங்கள். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டு வீடு முழுக்க நடந்து பாருங்கள்.

எல்.இ.டி. பல்புக்குக் கீழே போனால் 'ஜிர்ர்' என்று ஓர் இரைச்சல் எழும். செல்போன் சார்ஜர் பக்கத்தில் அது வேறு சுருதியில் கேட்கும். இன்வெர்ட்டர், வைஃபை பெட்டி, டிவிக்குப் பின்னால் இருக்கும் செட்டாப் பாக்ஸ், எலெக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சத்தம் உண்டு. இவை எல்லாமே மின்சாரத்தை வெட்டி வெட்டி அனுப்பி வேலை செய்பவை. அப்படி வெட்டும்போது கிளம்பும் சிதறல் மத்திய அலையில் தொடங்கி, தூர நாட்டு நிலையங்கள் வரும் சிற்றலை (ஷார்ட் வேவ்) வரைக்கும் பரவி நிற்கும். எந்த இடத்தில் இரைச்சல் குறைவு என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வாசல் திண்ணையா, பின்கட்டா, மொட்டை மாடியின் எந்த மூலை என்பதுவரை எழுதுங்கள். நீங்கள் வாங்கப் போகும் ரேடியோ உட்கார வேண்டிய இடம் அதுதான்.

இதை முதல் படியாகச் சொல்வதற்குக் காரணம், நான் இதைக் கடைசியாகக் கற்றுக்கொண்டதுதான். வேலூர் சத்துவாச்சாரியில் ஒட்டி ஒட்டி வீடுகள் உள்ள தெருவில் இருக்கிறேன். பல மாதம் பணம் சேர்த்து ஒரு பெரிய செட் வாங்கினேன். ஹாலில் வைத்துப் போட்டால் எல்லாப் பேண்டிலும் ஒரே கரகரப்பு. செட் கெட்டது என்று முடிவு செய்து, பெட்டியில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டேன். மே மாதம் ஒருநாள் ராத்திரி எட்டு மணிக்குத் தெரு முழுக்க கரண்ட் போனது. வேலூர் வெயில் தெரியும் அல்லவா, சுவர்கூடச் சுடும். மொட்டை மாடிக்குப் போகும்போது பேச்சுத் துணைக்கு என்று அந்த செட்டையும் எடுத்துப் போனேன். போட்டதும், சிற்றலையின் ஒரு பகுதியான 31 மீட்டர் பேண்ட் முழுக்க நிலையங்கள். சீனம், அரபி, ஆங்கிலம், என்னவென்றே தெரியாத ஒரு பாட்டு. கரண்ட் வந்ததும் மறுபடி இரைச்சல் ஏறியது. செட்டில் ஒரு குறையும் இருக்கவில்லை. நான்தான் இத்தனை நாள் அதைத் தப்பான இடத்தில் வைத்திருந்தேன்.

ஜவ்வாது மலையில் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருப்பது நம் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். 2.34 மீட்டர் தொலைநோக்கியை அங்கே கொண்டுபோய் வைத்ததற்கு ஒரு பெரிய காரணம் இருட்டு. ஊர் வெளிச்சம் விழுகிற வானத்தில் மங்கலான நட்சத்திரம் தெரியாது. சிற்றலை கேட்பவருக்கும் அதே தேவைதான், நமக்கு வேண்டியது மின் இருட்டு. ரெகுலேட்டரை மாற்றலாம் (கட்டம் கட்டமாகத் திரும்பும் கெபாசிட்டர் வகை அமைதியானது), மட்டமான பல்பை மாற்றலாம், சார்ஜரைப் பிடுங்கி வைக்கலாம். பக்கத்து வீட்டு இன்வெர்ட்டரை ஒன்றும் செய்ய முடியாது. அதற்குத்தான் மாடி மூலை.

சரி, இடம் கிடைத்துவிட்டது. அடுத்த கேள்வி, எதைக் கேட்கப் போகிறீர்கள்?

இதில் உங்களிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் அப்பா குடியாத்தத்தில் தறி ஓட்டியவர். தறிக்கு மேலே ஆணியில் ரேடியோ தொங்கும், பகலெல்லாம் இலங்கை வானொலிப் பாட்டு, இரவானால் தமிழோசை. அந்தக் காலம் போய்விட்டது. 1941இல் தொடங்கிய பிபிசி தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30ஆம் தேதியோடு நின்றது. மணிலாவிலிருந்து வந்த வேரித்தாஸ் வானொலியின் தமிழ்ப்பணி 2018இல் சிற்றலையை விட்டது. அப்பா கேட்ட வரிசை அப்படியே திரும்பக் கிடைக்கும் என்று நினைத்து வாங்கினால் ஏமாந்து போவீர்கள்.

ஆனாலும் காற்று காலியாகிவிடவில்லை. பிபிசி உலக சேவை, சீன வானொலி, ருமேனியா வானொலி, துருக்கியின் குரல், கொரியாவின் கேபிஎஸ், நியூசிலாந்தின் பசிபிக் சேவை என்று சிற்றலையில் இன்னும் ஒலிபரப்புகிறார்கள். மத ஒலிபரப்புகள் பல மொழிகளில் வருகின்றன, தமிழிலும் உண்டு. சீனாவின் பி.பி.எம். என்னும் நேர நிலையம் 5, 10, 15 மெகா ஹெர்ட்ஸில் நொடிக்கு ஒரு 'டிக்' அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அப்புறம் ஹாம் வானொலி அன்பர்கள், அதாவது உரிமம் வாங்கிக்கொண்டு பொழுதுபோக்காக ரேடியோவில் தங்களுக்குள் பேசிக்கொள்பவர்கள். 7.0 முதல் 7.2 மெகா ஹெர்ட்ஸ் வரை உள்ள நாற்பது மீட்டரில் காலை வேளைகளில் நம் ஊர்க்காரர்கள் பேசிக்கொள்வதைக் கேட்கலாம். ஆனால் அவர்கள் அலையின் ஒரு பாதியை மட்டும் அனுப்பும் எஸ்.எஸ்.பி. முறையில் பேசுவதால், அந்த வசதி உள்ள செட் வேண்டும். சாதாரண செட்டில் அவர்கள் பேச்சு வாத்து கத்துவது மாதிரிதான் இருக்கும்.

வெறும் செய்தியும் பாட்டும் போதும் என்பவருக்கு ஒரு செட், ஹாம் பேச்சும் கேட்க வேண்டும் என்பவருக்கு வேறு செட். இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தாலே பாதிக் குழப்பம் போய்விடும். பதில் தெரியவில்லையென்றால் காசு செலவழிக்காமல் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. 'கிவி எஸ்டிஆர்' என்று தேடினால், உலகம் முழுக்க ஆர்வலர்கள் தங்கள் ரிசீவரை இணையத்தில் திறந்து வைத்திருப்பது தெரியும். ஃபோனிலேயே ஒன்றைத் திறந்து, அலையைத் திருப்பிப் பாருங்கள். ஆசியாவில் உள்ள ஒன்றாக எடுத்தால் நம் ஊரில் கேட்கக்கூடியதற்கு ஓரளவு கிட்டத்தில் இருக்கும். ஒரு வாரம் இப்படிக் கேட்ட பிறகும் ஆசை குறையாமல் இருந்தால் தாராளமாக வாங்கலாம்.

அலை எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சமாவது தெரிந்து வைத்துக்கொண்டால் கடைக்காரர் சொல்வதை எடைபோட முடியும். 'மரமில்லா மலை, நீரில்லா ஆறு' என்று நம் ஊரைச் சொல்வார்கள். அந்த மலைகள் பண்பலைக்கு (எஃப்.எம்.) எதிரி. பண்பலை நேர்கோட்டில் வருவது, மலை குறுக்கே நின்றால் போச்சு. மத்திய அலை பகலில் தரையை ஒட்டி ஊர்ந்து வரும். சென்னை ஆகாசவாணியின் 720 கிலோ ஹெர்ட்ஸ் நூறு கிலோமீட்டருக்கு மேல் தாண்டி இங்கே வந்து சேர்வது அப்படித்தான். சிற்றலை வானத்துக்குப் போய், காற்றே மின்னேற்றம் பெற்று நிற்கும் அயனி மண்டலத்தில் 200 முதல் 400 கிலோமீட்டர் உயரத்தில் பட்டு வளைந்து கீழே இறங்குகிறது. மேலிருந்து இறங்குவதால் நம் மலைகள் அதற்குப் பெரிய தடை இல்லை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பெங்களூரில் ஆகாசவாணிக்கு 500 கிலோவாட் சிற்றலை டிரான்ஸ்மிட்டர்கள் இருக்கின்றன. இங்கிருந்து நேர்கோட்டில் 200 கிலோமீட்டருக்குள், அவ்வளவுதான். ஆனால் வெளிநாட்டுக்கென்று உயர்ந்த அலைவரிசையில் அனுப்பும்போது அது நம் தலைக்கு மேலே தாவிப் போய்விடும். பக்கத்து ஊர் மங்கலாகவும் பீஜிங் தெளிவாகவும் கேட்டால் செட்டைக் குறை சொல்லாதீர்கள்.

பகலில் அயனி மண்டலத்தின் கீழடுக்கு ஒன்று குறைந்த அலைவரிசைகளை உறிஞ்சிவிடும். சூரியன் மறைந்தால் அந்த அடுக்கு கலைந்துபோகும். அதனால் பகலில் 19, 16, 13 மீட்டர், இரவில் 49, 41, 31 மீட்டர், இடைப்பட்ட நேரத்தில் 25 மீட்டர். இதை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டால் போதும். பழைய செட்டில் மீட்டரும் புதிய செட்டில் கிலோ ஹெர்ட்ஸும் போட்டிருக்கும். 300ஐ மெகா ஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டர் வந்துவிடும். 12 மெகா ஹெர்ட்ஸ் என்றால் 25 மீட்டர்.

இனி செட்டின் பெட்டியில் எழுதியிருப்பதை எப்படிப் படிப்பது என்று பார்க்கலாம். இங்கேதான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள், அதனால் நிதானமாகவே சொல்கிறேன்.

'12 பேண்ட்', '10 பேண்ட்' என்ற எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். பேண்டை எத்தனை துண்டாக வெட்டினார்கள் என்பதைத்தான் அது சொல்கிறது. கேட்க வேண்டிய கேள்வி, சிற்றலை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது. 5.9 முதல் 18 மெகா ஹெர்ட்ஸ் வரை இடைவெளி விடாமல் இருந்தால் ஒலிபரப்பு நிலையங்களில் பெரும்பகுதி அதற்குள் அடங்கிவிடும். 1.7 முதல் 30 வரை முழுசாக இருந்தால் ஹாம் பேண்டுகளும் சேரும். சில மலிவு செட்டுகளில் 41 மீட்டருக்கு அப்புறம் நேராக 31 மீட்டர் என்று இடையில் விட்டுவிடுவார்கள். ஒலிபரப்பு மட்டும் கேட்பவருக்கு அதனால் பெரிய நஷ்டமில்லை.

இரண்டாவது, எண் திரை. முள் நகரும் செட்டில் எனக்குப் பாசம் உண்டு, அப்பா கையில் பார்த்தது அது. ஆனால் புதிதாக வருபவருக்கு நான் எண் திரை உள்ளதைத்தான் சொல்வேன். சிற்றலையில் நிலையங்கள் 5 கிலோ ஹெர்ட்ஸ் இடைவெளியில் நெருக்கியடித்து நிற்கின்றன. முள் செட்டில் நகத்தால் தள்ளுகிற தூரத்துக்குள் நாலு நிலையம் இருக்கும். ஒரு பட்டியலைப் பார்த்து 9,550 என்று தட்டினால் அங்கேயே போய் நிற்கிற செட் இருந்தால், கேட்பது என்ன நிலையம் என்றாவது தெரியும். ஆகவே திரையோடு எண் பொத்தான்களும் இருக்கட்டும். திரை மட்டும் இருந்து பொத்தான் இல்லாவிட்டால் குமிழைச் சுற்றிச் சுற்றியே கை ஓய்ந்துவிடும்.

மூன்றாவது, பக்கத்து நிலையத்தைத் தள்ளி வைக்கும் திறமை. வலுவான நிலையம் ஒன்றுக்கு 5 கிலோ ஹெர்ட்ஸ் தள்ளி மெலிந்த நிலையம் இருந்தால், அதைத் தனியாகப் பிரித்துக் கேட்க முடிகிறதா? இப்போது வருகிற செட்டுகளில் டி.எஸ்.பி. என்று போட்டிருக்கும். அலையை எண்களாக மாற்றி வடிகட்டும் சில்லு அது. அந்த வகையில் அலை அகலத்தை 6, 4, 3, 2 கிலோ ஹெர்ட்ஸ் என்று மாற்றிக்கொள்ளும் பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். அகலத்தைக் குறைத்தால் பேச்சு மந்தமாகும், ஆனால் பக்கத்து வீட்டுச் சத்தம் போய்விடும். நெரிசலான 31 மீட்டரில் நான் பெரும்பாலும் 3இல்தான் வைத்துக் கேட்கிறேன். டி.எஸ்.பி. செட்டில் ஒரு சின்னத் தொல்லை, குமிழைத் திருப்பும்போது படிக்குப் படி ஒலி அறுந்து அறுந்து வரும். பழைய முள் செட்டில் வழுக்கிக்கொண்டு போகிற சுகம் இதில் கிடைக்காது.

நான்காவது, போலி நிலையங்கள். மலிவான பழைய பாணி செட்டுகள் வந்த அலையை ஒரே தடவையில் 455 கிலோ ஹெர்ட்ஸுக்கு மாற்றுபவை. அதில் ஒரு நிலையம் தன் இடத்தில் ஒரு தடவையும், 910 கிலோ ஹெர்ட்ஸ் தள்ளி இன்னொரு தடவையும் கேட்கும். 9,910 கிலோ ஹெர்ட்ஸில் ஒன்று கேட்டு, அதே பேச்சு சரியாக 9,000த்திலும் கேட்டால், முதலாவதுதான் அசல், மற்றது நிழல். 'டபுள் கன்வெர்ஷன்', அதாவது இரண்டு படியாக மாற்றுவது, என்று போட்டிருந்தால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். நல்ல டி.எஸ்.பி. செட்டுகளிலும் குறைவு.

எஸ்.எஸ்.பி. பற்றி ஏற்கெனவே சொன்னேன். ஹாம் பேச்சு வேண்டுமென்றால் கட்டாயம், இல்லையென்றால் அதற்காகக் கூடுதல் காசு தர வேண்டியதில்லை. நானாக இருந்தால் தருவேன். கேட்கத் தொடங்கிய ஆறு மாதத்தில் அந்த ஆசை வந்துவிடுகிறது, அப்போது இன்னொரு செட் வாங்குவது இன்னும் செலவு. கேட்பதோடு நிற்காமல் ஹாமாகப் பேச வேண்டுமென்றால் தேர்வு எழுதி மத்திய அரசின் உரிமம் பெற வேண்டும், அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

டி.ஆர்.எம். என்ற டிஜிட்டல் ஒலிபரப்பு பற்றி விற்பவர்கள் பேசலாம். ஆகாசவாணி அந்த முறையில் இறங்கியிருப்பது உண்மை. ஆனால் அதற்கென்று உள்ள ரிசீவரில் மட்டும்தான் அது பேச்சாக வரும். சாதாரண சிற்றலை செட்டில் சீரான 'ஷ்ஷ்' என்ற சத்தமாகத்தான் கேட்கும். அகலமாக ஒரே சீராக இரைகிற இடம் ஒன்று பேண்டில் தட்டுப்பட்டால் அது பெரும்பாலும் இதுதான்.

கட்டை விஷயம் நம் ஊரில் அலட்சியப்படுத்தக் கூடாதது. என் முதல் ஆலோசனை, தெருமுனைக் கடையில் கிடைக்கும் கட்டையில் ஓடுகிற செட்டாக இருக்கட்டும். ரிமோட்டுக்குப் போடும் சின்னக் கட்டைக்கு ஒரு படி பெரிய, பென்டார்ச்சுக்குப் போடுகிற சைஸ் என்றால் எந்தக் கிராமத்திலும் கிடைக்கும். சில செட்டுகள் பி.எல்.-5சி என்ற பழைய நோக்கியா பேட்டரியில் ஓடும். வேலூர் லாங் பஜாரில் செல்போன் உதிரிக் கடைகளில் கேட்டுப் பாருங்கள், ஆனால் உப்பிப்போன பழைய சரக்கைத் தலையில் கட்டிவிடாமல் பார்த்து வாங்குங்கள். இன்னும் சில 18650 என்ற உருளை லித்தியம் பேட்டரி போடுபவை. இதில் நான் ஏமாந்த கதை உண்டு. 9,900 மில்லி ஆம்பியர் மணி என்று மேலே அச்சடித்திருந்த ஒன்றை ஆசையாக வாங்கினேன். ஒரே இரவில் தீர்ந்துபோனது. அந்த அளவு உருளையில் நல்ல தயாரிப்பே சுமார் 3,500ஐ ஒட்டித்தான் தரும், அதற்கு மேலே அச்சடித்தது எல்லாம் பொய் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். லித்தியம் எதுவானாலும் கத்திரி வெயிலில் மாடிச் சுவர்மேலோ பூட்டிய காருக்குள்ளோ விட்டுவிடாதீர்கள். கட்டை செட்டானால், பல நாள் கேட்கப் போவதில்லை என்றால் கட்டையைக் கழற்றி வையுங்கள். கசிந்து ஸ்பிரிங்கைத் தின்றுவிட்டால் நல்ல செட்டும் வீண்.

பெயர் சொல்லாமல் முடித்தால் திட்டுவீர்கள், ஆகவே பெயர்களுக்கு வருகிறேன்.

தொட்டுப் பார்க்கலாம் என்ற அளவில் உள்ளவருக்கு டெக்சன் நிறுவனத்தின் ஆர்-9012 போன்ற முள் செட் போதும். எளிமையானது, காதுக்கு இதமானது, பெரியவர் கையில் கொடுத்தால் யாரும் சொல்லித் தராமலே திருப்பிக்கொள்வார். நிழல் நிலையங்கள் வரும், பக்கத்து நிலையம் நெருக்கும், எஸ்.எஸ்.பி. கிடையாது. இவற்றைத் தெரிந்தே வாங்க வேண்டும்.

புதியவர் பத்துப் பேர் கேட்டால் எட்டுப் பேருக்கு நான் சொல்வது டெக்சன் பி.எல்.-330 அல்லது எக்ஸ்.எச்.டேட்டா டி-808. இரண்டுமே உள்ளங்கையில் அடங்குபவை, எண் பொத்தான் உண்டு, எஸ்.எஸ்.பி. உண்டு, அலை அகலத்தை மாற்றலாம், வெளி ஏரியல் செருக ஓட்டை உண்டு. முதலாவது பி.எல்.-5சி பேட்டரியில் ஓடுவது. ஈ.டி.எம். என்ற பொத்தான் பேண்ட் முழுக்கத் தானே தேடி, அந்த நேரத்தில் கேட்கும் நிலையங்களை வரிசைப்படுத்தித் தந்துவிடும். புதியவருக்கு இது பெரிய உபகாரம். இரண்டாவது 18650 பேட்டரியில் ஓடும். பொத்தான் பெரிசு, ஒலியும் கொஞ்சம் திடமாக இருப்பதாக என் காதுக்குப் படுகிறது. விலையைப் பார்த்து, பேட்டரி எது உங்கள் ஊரில் கிடைக்கும் என்று பார்த்து, இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தவறாகப் போகாது.

அதற்கு மேலே பி.எல்.-880, பி.எல்.-990 என்று இருக்கின்றன. நல்ல பெரிய ஸ்பீக்கர், நீண்ட நேரம் கேட்டாலும் தலை வலிக்காத ஒலி. பழைய சரக்கில் சோனியின் ஐ.சி.எஃப்.-எஸ்.டபிள்யூ.7600ஜி.ஆர். கிடைத்தால், நிலைமை நன்றாக இருந்தால், தயங்காதீர்கள். நிலையம் ஏறி இறங்கிக் கரையும்போது ஒலி சிதையாமல் பிடித்து வைக்கும் 'சிங்க்' வசதி அதில் நன்றாக வேலை செய்யும், கடைக் கட்டையிலும் ஓடும். ஆனால் இவை எல்லாம் இரண்டாவது செட். முதல் செட்டிலேயே பெருந்தொகை போடாதீர்கள். மிச்சக் காசில் நல்ல இயர்போனும் ஏழெட்டு மீட்டர் ஒயரும் வாங்கினால் அதிகம் கேட்பீர்கள்.

பழைய செட் வாங்குவதானால் கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள். கட்டை அறையைத் திறந்து, வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஏரியலை முழுக்க இழுத்து, அடியில் ஆடுகிறதா என்று அசைத்துப் பாருங்கள். சத்தக் குமிழைத் திருப்பும்போது கரகரத்தால் உள்ளே அழுக்கு, சுத்தம் செய்துவிடலாம். ஒவ்வொரு பொத்தானையும் அமுக்குங்கள். கடைக்குள் ட்யூப்லைட் எரியும்போது சிற்றலையைச் சோதிப்பது வீண், "அண்ணா, ஒரு நிமிஷம் வாசல்ல வெச்சுக் கேக்கறேன்" என்று சொல்லி வெளியே கொண்டுபோங்கள். பகலானால் முதலில் மத்திய அலையில் சென்னை 720. அது தெளிவாக வந்தால், செட்டை மெல்லச் சுழற்றிப் பாருங்கள். ஒரு திசையில் ஏறி, இன்னொரு திசையில் இறங்க வேண்டும். உள்ளே இருக்கும் ஃபெரைட் குச்சி ஏரியல் நல்லபடியாக இருப்பதற்கு அது அடையாளம். மத்திய அலைக்கு இழுக்கும் ஏரியல் பயன்படாது, செட்டையேதான் திருப்ப வேண்டும் என்பதையும் இங்கேயே தெரிந்துகொள்ளுங்கள். அப்புறம் 19 மீட்டரோ 16 மீட்டரோ போய், இழுக்கும் ஏரியலைத் தொட்டால் இரைச்சல் மாறுகிறதா என்று கவனியுங்கள். மாறாவிட்டால் உள்ளே ஒயர் அறுந்திருக்கலாம்.

புதிதாக வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர் சுங்க வரியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். லித்தியம் பேட்டரி விமானத்தில் ஏற்றுவதில் கட்டுப்பாடு உண்டு, அதனால் சில விற்பனையாளர்கள் பேட்டரி இல்லாமலே அனுப்புவார்கள், முன்னாலேயே கேட்டுவிடுங்கள். செட் வந்ததும் உயிரே இல்லாத மாதிரி இருந்தால் பதற வேண்டாம், பூட்டுப் பொத்தான் போட்டிருக்கும். பூட்டைத் திறந்துவிட்டு, மத்திய அலையில் ஒரு திருப்பலுக்கு நகரும் படியை 9 கிலோ ஹெர்ட்ஸாக மாற்றுங்கள். அமெரிக்காவுக்கு 10, நமக்கு 9. எனக்கு வந்த செட்டில் 10 போட்டிருந்தது. 720 தற்செயலாக இரண்டு கணக்கிலும் வரும் என்பதால் அது சரியாகக் கேட்டது, பெங்களூர் 612 மட்டும் ஏன் பிசிறடிக்கிறது என்று தெரியாமல் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

கடிகாரத்தையும் சரி செய்யுங்கள். நிலையங்களின் அட்டவணை எல்லாம் உலக நேரத்தில் (யூ.டி.சி.) இருக்கும், நமக்கு அதோடு ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். 'எய்பி' என்று ஒரு பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, எந்த நேரத்தில் எந்த அலைவரிசையில் யார் என்று வரிசையாக இருக்கும். மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அலைவரிசைகள் மாறும் நாட்கள். நேற்றுவரை கேட்ட நிலையம் திடீரென்று காணோம் என்றால் முதலில் தேதியைப் பாருங்கள், அப்புறம் புதுப் பட்டியலை இறக்குங்கள்.

ஒயர் பற்றி இரண்டு வார்த்தை. எலெக்ட்ரிக் கடையில் கிடைக்கும் மெல்லிய உறை போட்ட செம்பு ஒயர் ஏழெட்டு மீட்டர் போதும். ஒரு முனையில் முதலைக் கிளிப் மாட்டி ஏரியலில் கடிக்க விடுங்கள், மறுமுனையை மாடிக் கம்பத்திலிருந்து வேப்பமரக் கிளைக்கு நைலான் கயிறு கொண்டு கட்டுங்கள். இன்னும் நீளமாக இழுத்தால் இன்னும் நன்றாகக் கேட்கும் என்று நினைக்காதீர்கள், சின்ன செட் திணறிப்போய் எல்லா நிலையத்தையும் ஒன்றாகக் குழப்பிக் கொட்டும். மின்வாரிய ஒயருக்குப் பக்கத்திலோ, அதற்கு மேலே கீழேயோ போகவே கூடாது. அதில் தவறு செய்தால் உயிர் போய்விடும். இடி இறங்கும் மாலைகளில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலத்திலும், கேட்டு முடித்ததும் ஒயரைக் கழற்றிவிடுங்கள். மின்னல் தூரத்தில் அடித்தால்கூட 49 மீட்டரில் 'சடார் சடார்' என்று கேட்கும். அதுவே இறங்கி வரச் சொல்லும் எச்சரிக்கை.

முதல் மாலைக்கு ஒரு திட்டம் சொல்கிறேன். இரவு ஏழு மணிக்கு, நீங்கள் தாளில் குறித்து வைத்த மூலைக்குப் போங்கள். ஃபோனைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். 9,400 கிலோ ஹெர்ட்ஸ் தட்டி, ஐந்து ஐந்தாக 9,900 வரை ஏறுங்கள். ஒவ்வொரு இடத்திலும் இருபது நொடியாவது நில்லுங்கள், சிற்றலை மூச்சு விடுவது போல ஏறி இறங்கும், மங்கலானது திடீரென்று தெளியும். மொழி புரியாவிட்டாலும் பரவாயில்லை. மணி முழுசாக அடிக்கும்போது நிலையத்தின் பெயரைச் சொல்வார்கள், அந்த நேரத்தை மட்டும் தவற விடாதீர்கள். இடையில் ஒரு தடவை 10,000த்துக்குப் போய் அந்த 'டிக் டிக்' கேட்கிறதா என்று பாருங்கள். கேட்டால் செட்டும் இடமும் இரண்டும் சரி.

ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, நேரம், அலைவரிசை, மொழி, என்ன கேட்டது, எவ்வளவு தெளிவு. தெளிவுக்கு ஐந்துக்கு எத்தனை என்று போட்டால் போதும். பல நிலையங்கள், இந்த விவரத்தை எழுதி அனுப்பினால், நீங்கள் கேட்டதை உறுதிசெய்து ஒரு வண்ண அட்டை அனுப்பும். கியூ.எஸ்.எல். அட்டை என்று அதற்குப் பெயர். விடுமுறையில் ஏலகிரிக்கோ மோர்தானா அணைப் பக்கமோ போனால் செட்டையும் நோட்டையும் எடுத்துப் போங்கள். வீட்டு மாடியில் இரண்டு என்று குறித்த நிலையம் அங்கே நான்காக ஏறியிருக்கிறதா என்று அதே நேரத்தில், அதே அலைவரிசையில், ஒயர் இல்லாமல் கேட்டு, பக்கத்துக் கட்டத்தில் எழுதுங்கள்.